பெற்றோருக்குச் சொன்னீர்களா? - சிறுவர் சட்டம் வந்த வழி



சென்ற இதழில் நம் பகுதி ஏரியைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்தது கூவம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை ஒரு காலாண்டு தள்ளி வைக்கிறேன். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சிசிடிவி வீடியோ வந்தது. அதில் இருந்தது யார், எந்த பிளாக், காணாமல் போனது என்ன, பையனா பெண்ணா, நம் குடியிருப்புப் பிள்ளையா வெளிப் பிள்ளையா, எதையும் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த வீடியோவை வேறொரு குரூப்புக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, என் வங்கி நாட்களில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986. நான் கிளார்க்காகச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒருநாள் மாலை கேஷ் டாலி ஆகவில்லை. நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. பத்தாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பல மாதச் சம்பளம். கேஷியர் முகம் வெளுத்துவிட்டது. நாலு மணிக்கு டீ கொண்டு வந்த பையன் கேஷ் கவுண்டர் பக்கம் போனதை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். தெருமுனை டீக்கடையில் வேலை பார்த்த பையன், பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். அவனைக் கூப்பிட்டு ஸ்டேஷனரி ரூமில் உட்கார வைத்தார்கள். போலீஸுக்குப் போன் போனது. ஒரு ஏட்டு வந்தார். ரூம் கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெளியே லெட்ஜரைப் புரட்டுவது போல உட்கார்ந்திருந்தோம். சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஏழு மணிவாக்கில் பையன் “எடுத்தேன்” என்று சொல்லிவிட்டான். பணம் எங்கே என்றால், கடைக்குப் பின்னால் என்றான். அங்கே இல்லை. பிறகு சாக்கடையில் போட்டுவிட்டேன் என்றான். அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் காலை, கிழிந்த அழுக்கு நோட்டுகளைக் கட்டி வைத்திருந்த பையில் அந்தக் கட்டு கிடைத்தது. எண்ணிப் பிரிக்கும்போது கை மாறிப் போயிருக்கிறது. மேனேஜர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பையனை விட்டுவிட்டார்கள். அதன்பிறகு டீ கொண்டு வந்தது வேறு பையன்.

வங்கியில் பணம் குறைந்தால் ஒரு நடைமுறை உண்டு. திரும்ப எண்ண வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், விவரம் தெரியும்வரை சஸ்பென்ஸ் கணக்கில் வைக்க வேண்டும். யார் தலையிலும் உடனே பற்று எழுத முடியாது. அன்று ரூபாய்க்கு இந்த நடைமுறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பையனுக்கு எதுவும் நடக்கவில்லை. அவன் வீடு எங்கே, அம்மாவுக்குச் சொல்லியாயிற்றா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் எனக்குப் பின்னால் தெரியவந்த விஷயம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட பையனுக்கென்று ஒரு சட்டம் அன்றைக்கே இருந்தது. அதுவும் அன்று காலை வந்த சட்டம் அல்ல, 66 வருடப் பழைய சட்டம். அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமல்ல என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இல்லையென்றால் குற்றமல்ல என்றது. (அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது அப்படியே இருக்கிறது.) அந்த வயதைத் தாண்டியவன் பெரியவர்களுக்கான அதே சட்டத்தின் கீழ்தான் வந்தான். 1864-ல் சவுக்கடிச் சட்டம் என்று ஒன்று வந்தது. சிறுவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதில் அடித்து அனுப்பலாம் என்பது அதில் ஒரு ஏற்பாடு. எப்படி அடிப்பது? பள்ளிக்கூடத்தில் அடிப்பது போல, லேசான பிரம்பால். நீதிமன்றம் வாத்தியாரிடமிருந்து பிரம்பைக் கடன் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1898-ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 16 வயதுக்குட்பட்டவருக்குப் பதினைந்து அடிக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. சவுக்கடி இந்தியாவில் ஒழிந்தது 1955-ல். நம்மில் சிலர் அதற்குச் சில வருடங்கள் கழித்துப் பிறந்தவர்கள்தான்.

அடிப்பதும் சிறையும் பலன் தரவில்லை என்று கருதியவர்கள் சீர்திருத்தப் பள்ளி என்ற யோசனையைக் கொண்டு வந்தார்கள். 1876-லும் பிறகு 1897-லும் அதற்கான சட்டங்கள் வந்தன. நம் பக்கத்தில் செங்கல்பட்டில் அப்படி ஒரு பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. “ஒழுங்கா இல்லேன்னா செங்கல்பட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று பிள்ளைகளை மிரட்டுவதை நம் வயதுக்காரர்கள் கேட்டிருப்பீர்கள். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அது ரொம்பப் பிரபலம். படிப்பு, கைத்தொழில், ஒழுங்கு என்று நல்ல நோக்கம்தான். ஆனால் 1897-ஆம் வருடச் சட்டப்படி அங்கே அனுப்பினால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம். ஒரு பெரியவன் சில வாரச் சிறையோடு தப்பிக்கும் சில்லறைத் திருட்டுக்கு, ஒரு பையன் அவனுடைய நன்மைக்காக மூன்று வருடம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். இந்த “நன்மைக்காக” என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1919-20-ல் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ. சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்தவர். சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், தனி நீதிமன்றம் வையுங்கள் என்று அந்தக் கமிட்டி சொன்னது. சிறுவர்களின் காவல், விசாரணை, தண்டனை எல்லாவற்றுக்கும் தனி வழி வகுத்து இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம்தான். சென்னைச் சிறுவர் சட்டம், 1920. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. நாம் முன்னோடிகள். ஆனால் அந்த முன்னோடிச் சட்டம் 66 வருடம் கழித்தும் எங்கள் வங்கிக் கிளையின் ஸ்டேஷனரி ரூம் வரை வந்து சேரவில்லை.

எங்கள் கிளையில் மட்டும் என்றில்லை. அதே 1986-ல், நாட்டின் பல சிறைகளில் சிறுவர்கள் அடைந்து கிடப்பதைப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். குழந்தைகளைச் சிறையில் வைக்கக் கூடாது, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்த வருடமே நாடாளுமன்றம் சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்ற, 1987 அக்டோபர் 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் ஆண் பிள்ளை என்றால் 16 வயது வரை, பெண் என்றால் 18 வரை சிறார். 1992-ல் இந்தியா ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2000-ல் வந்த சட்டம் இருபாலருக்கும் 18 என்று ஆக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் வருடச் சட்டம்.

நடுவில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். சிறுவருக்கென்று தனி நீதிமன்றம் என்ற யோசனை 1899-ல் சிகாகோவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. அப்பா ஸ்தானத்தில் இருக்கும் நீதிபதி, வக்கீல் இல்லை, கண்டிப்பான நடைமுறை இல்லை, எல்லாம் குழந்தையின் நன்மைக்காக. அது எங்கே கொண்டு போய் விட்டது என்று காட்டிய வழக்குதான் கால்ட் வழக்கு. 1964 ஜூனில் அரிசோனா மாநிலத்தில் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்மணி, தனக்குப் போனில் ஆபாசமாகப் பேசினார்கள் என்று புகார் செய்தார். பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் பிடித்துப் போனார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. மாலை வீடு திரும்பிய அம்மா மூத்த மகனை அனுப்பித் தேடச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. புகார் கொடுத்த பெண்மணி விசாரணைக்கு வரவேயில்லை. பேசியதை ஒழுங்காக எழுதி வைத்த பதிவும் இல்லை. பையனை 21 வயது வரை, அதாவது ஆறு வருடம், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் ஐந்திலிருந்து ஐம்பது டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை.

1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. என்ன குற்றச்சாட்டு என்று முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, புகார் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியதில்லை. இவை பெரியவருக்கு மட்டுமல்ல, சிறுவருக்கும் உண்டு என்றது. நல்ல எண்ணம் நடைமுறைக்கு ஈடாகாது என்பதுதான் எனக்கு அதிலிருந்து விளங்கியது. நாற்பது வருடம் வவுச்சரும் கையெழுத்துமாக இருந்தவனுக்கு இது எளிதில் புரிகிறது.

பள்ளிக்கூடத்துக்கும் இதே கேள்வி வந்தது. 2005-ல் வட கரோலினா மாநிலத்தில், வீடு புகுந்து திருடிய வழக்கில் பதிமூன்று வயது மாணவன் மேல் சந்தேகம். யூனிபார்ம் போட்ட போலீஸ்காரர் வகுப்பிலிருந்தே அவனை அழைத்துப் போனார். மூடிய அறையில் இரண்டு போலீஸ்காரர்களும் பள்ளி நிர்வாகத்தினரும் அரை மணிக்கு மேல் கேள்வி கேட்டார்கள். அவனை வளர்த்த பாட்டிக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதுதான் நல்லது என்று துணைத் தலைமையாசிரியரும் எடுத்துச் சொன்னார். பையன் ஒப்புக்கொண்டான். அந்த அறையிலிருந்து எழுந்து போகலாம் என்று பெரியவருக்குத் தோன்றலாம், பதிமூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றுமா? போலீஸ் விசாரணையில் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. அவ்வளவு இழுபறி. அந்த மூடிய அறையைப் படித்தபோது எனக்கு எங்கள் ஸ்டேஷனரி ரூம்தான் கண்ணில் நின்றது.

நம் ஊருக்கு வருவோம். 2015-ஆம் வருடச் சட்டமும் அதன்கீழ் 2016-ல் வந்த விதிகளும் இந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சிறுவனிடம் அவர் யூனிபார்மில் வராமல் சாதாரண உடையில் வர வேண்டும். கைவிலங்கு கூடாது. லாக்கப் கூடாது, சிறை கூடவே கூடாது. பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும். விசாரிக்கும்போது அவர்கள் கூட இருக்கலாம். ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சென்னையில் அது கெல்லீஸில் இருக்கிறது. ஒருவர் சாமானைத் தூக்கிப் போனது போன்ற சிறு குற்றத்துக்கு, பெரியவர்கள் உடந்தையாக இல்லாத பட்சத்தில், எஃப்ஐஆர்கூடப் போடுவதில்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் வீட்டுச் சூழலைப் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.

“அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதையும் செய்துவிட்டுப் போகலாமா?” என்று நம் பார்க் பெஞ்சில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் குற்றவாளிகளில் ஒருவனுக்குப் பதினேழு வயது. அவனுக்கு மூன்று வருடம் என்றபோது நாடே கொதித்தது. 2015-ஆம் வருடச் சட்டம் அந்தக் கொதிப்பில் உருவானதுதான். 16 வயது முடிந்தவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகச் சந்தேகம் இருந்தால், அவருடைய மன நிலையையும் பக்குவத்தையும் குழுமம் முதலில் மதிப்பிட்டு, பெரியவரைப் போல விசாரிக்க அனுப்பலாம். 2023 ஆகஸ்டில் நம் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைகள் பயங்கரமான காரியங்களைச் செய்யக்கூடியவர்கள்தான். ஆனால் நான் மேலே சொன்ன நடைமுறை, செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் சேர்த்துத்தான். செய்தானா இல்லையா என்பதே தெரியாத மணி நேரத்துக்கானது அது.

அந்த மணி நேரத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். 2022 டிசம்பரில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்து போனான். அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இத்தகைய இல்லங்களை ஆராய நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்து, 2023 நவம்பரில் அறிக்கையும் வந்தது. “செங்கல்பட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று எங்கள் தெருவில் விளையாட்டாகச் சொன்ன அதே செங்கல்பட்டு.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் பணமோ செல்போனோ காணாமல் போனால் பையை எல்லார் முன்னாலும் கொட்டச் சொல்வது, முட்டி போட வைப்பது, “இனி செய்ய மாட்டேன்” என்று எழுதி வாங்குவது, கடைசியில் டிசியைக் கையில் கொடுப்பது. இதையெல்லாம் நாம் படித்த காலத்தில் பார்த்தோம், இப்போதும் கேள்விப்படுகிறோம். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கவும் முடியாது. தனி அறைக்கு அழைத்து, பெற்றோருக்குப் போன் செய்து, அவர்கள் வந்த பிறகு கேட்பதற்கு எந்தப் பள்ளிக்கும் செலவு ஒன்றும் இல்லை. எழுதி வாங்கும் பழக்கம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. போலீஸே கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது, ஆறாம் வகுப்பு டீச்சர் எதற்காக வாங்க வேண்டும்?

இப்போது ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். 2015-ஆம் வருடச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. பத்திரிகை, செய்தி மடல், காணொளி என்று வரிசையாகச் சொல்லி, வேறு எந்தத் தகவல் தொடர்பு முறையிலும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் காலாண்டிதழ் ஒரு செய்தி மடல். எனவேதான் பையனா பெண்ணா என்றுகூட எழுதவில்லை. நம் குரூப்பையும் இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பெரிய பெரிய பத்திரிகைகள் முகத்தை மங்கலாக்கி வெளியிடுவதை, நாம் வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து அனுப்பினோம். அன்று இரவு பத்து மணிக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கருத்துகள். எடுத்தது அந்தப் பிள்ளைதானா என்று கேட்டவர்கள் இரண்டே பேர். பெற்றோருக்குச் சொன்னீர்களா என்று யாரும் கேட்கவில்லை. 1986-ல் கேட்காத நான் இந்தத் தடவையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை செயலாளரிடம் சொல்லி வீடியோவை எடுக்கச் செய்தேன். நான் அனுப்பிய குரூப்பிலும் அழித்துவிட்டு, அனுப்பியது தவறு என்று எழுதினேன். சிலர் சிரிப்பு பொம்மை போட்டார்கள், பரவாயில்லை. அதன்பிறகு என்ன ஆனது என்பதும் இங்கே எழுதக் கூடாத விஷயம்தான்.

வரும் பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்று கொண்டு வருகிறேன். சிசிடிவி பதிவு செயலாளர், பொருளாளர் இருவர் பொறுப்பில் மட்டும் இருக்கும். போலீஸ் கேட்டால் கடிதத்தின் பேரில் கொடுக்கப்படும், குரூப்பில் போடப்படாது. பதிவில் இருப்பது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்று தோன்றினால், யாராவது பேசுவதற்கு முன் பெற்றோரை அழைக்க வேண்டும். செக்யூரிட்டி கேபினில் வைத்து யாரையும் விசாரிக்கக் கூடாது. நம் ஸ்டேஷனின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பெயரும் எண்ணும், குழந்தைகள் உதவி எண் 1098-ம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். வழிமொழிய ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலை என்னை பார்க்கில் பார்க்கலாம்.

கூவம் அடுத்த இதழில்.